மாதிரிச் சட்டசபையில் குழு அறை எங்கே?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் பேருந்து கல்லாற்றைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கும். அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, மீன்முட்டி அருவி, காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகள் என்று பயணிகளுக்குத் தெரிந்த கல்லாறு என்ற இந்த ஊருக்குச் சட்டசபை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. கல்லாறு அடங்கிய அருவிக்கரைத் தொகுதியின் உறுப்பினர் ஜி. கார்த்திகேயன்தான் 2011 முதல் கேரள சட்டசபையின் சபாநாயகர். 2015 மார்ச் 7 அன்று, பதவியில் இருக்கும்போதே அவர் காலமானார். அடுத்த ஆறாம் நாள், மார்ச் 13 அன்று, நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிப்பதைத் தடுக்க எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபாநாயகரின் மேடையில் ஏறினார்கள். நாற்காலி தூக்கி வீசப்பட்டது. ஒலிவாங்கிகளும் கணினிகளும் உடைந்தன.

நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மேடையேறிய உறுப்பினர்கள் மீது போடப்பட்ட வழக்கைத் திரும்பப் பெறப் பின்னாளில் மாநில அரசு முயன்றபோது, உறுப்பினர்களின் சிறப்புரிமை பொதுச் சொத்தை உடைப்பதற்கான கவசம் ஆகாது என்று 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இன்று கல்லாற்றிலும் பக்கத்து விதுராவிலும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்த மார்ச் மாதத்தில் அங்கன்வாடி வயதில் இருந்தவர்கள். ஆனால் காணொளிக்கு வயதாவதில்லை. கைபேசிகளில் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அவையே பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பாடம் நடத்தியிருக்கும்போது, பள்ளிகளில் நடக்கும் மாதிரிச் சட்டசபைகளும் இளையோர் நாடாளுமன்றங்களும் வேறு பாடம் நடத்த வேண்டும். நடத்துகின்றனவா? பாதி நடத்துகின்றன. அவையில் எழுந்து நின்று பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கின்றன. ஒரு சட்டத்தை உட்கார்ந்து செய்வது எப்படி என்ற மறுபாதி விடுபட்டுவிடுகிறது.

ஒரு மணி நேர அவை

இந்தியாவில் இந்த முயற்சிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. 1962-இல் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, மாணவர்களுக்கு நாடாளுமன்ற நடைமுறையைப் பழக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966-67-இல் டெல்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டி தொடங்கியது. பிறகு கேந்திரிய வித்யாலயங்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. கேரளத்தில் இதற்கென்றே நாடாளுமன்ற விவகார நிறுவனம் இருக்கிறது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாதிரி நாடாளுமன்றப் போட்டிகளை அது நடத்துகிறது. மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில், குழந்தைகள் தினத்துக்கென ஒரு குட்டிப் பிரதமரையும் குட்டி சபாநாயகரையும் பேச்சுப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. குடும்பஸ்ரீ அமைப்பின் பாலசபைகள் வார்டுதோறும் பிள்ளைகளைக் கூட்டுகின்றன. அவர்களில் சிலர் மாவட்டம் தாண்டி, மாநில அளவிலான பால பார்லமெண்ட் வரை போகிறார்கள். இவ்வளவு வாய்ப்புகள் உள்ள மாநிலம் இந்தியாவில் அதிகமில்லை.

போட்டி அன்று என்ன நடக்கிறது? ஏறக்குறைய ஒரு மணி நேரம். பதவிப் பிரமாணம், இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, கடைசியில் ஒரு மசோதா. நான்கு பேர் ஆதரித்து, நான்கு பேர் எதிர்த்து, எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்து, குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறும். கேள்வி கேட்கும் உறுப்பினரின் தாளும் பதில் சொல்லும் அமைச்சரின் தாளும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் கையெழுத்தில் இருக்கும். ஒழுங்குக்கு மதிப்பெண், நடைமுறைக்கு மதிப்பெண், கேள்வி பதிலுக்கு மதிப்பெண், பேச்சுக்கு மதிப்பெண். முன்வைத்த மசோதாவில் ஒரு வரியையாவது பிள்ளைகள் மாற்றினார்களா என்று நடுவர் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் அதற்கு இடமில்லை.

இதை நாடகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஒதுக்கக் கூடாது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை, ‘மாண்புமிகு சபாநாயகர் அவர்களே’ என்று தொடங்கிவிட்டால் அதன் பிறகு ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கக் கூச்சப்பட மாட்டாள். அந்தத் துணிச்சல் சிறிய லாபம் அல்ல. என் வருத்தம், பிள்ளைகள் பெரியவர்களை அளவுக்கு மீறிச் சரியாகப் பிரதி எடுக்கிறார்கள் என்பதுதான்.

பெரியவர்களின் கணக்கைப் பாருங்கள். பிஆர்எஸ் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பின்படி, 15-வது மக்களவைக் காலத்தில் 71% மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-வது மக்களவையில் (2019-24) அது 16% ஆகச் சுருங்கியது. அதே காலத்தில் 35% மசோதாக்கள் மக்களவையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதத்தில் நிறைவேறின. பள்ளிப் போட்டியின் ஒரு மணி நேரத்தில் இரங்கலும் கேள்வி நேரமும் போக மசோதாவுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். டெல்லியில் மட்டும் என்ன வாழ்கிறது?

தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னும் பக்கத்து உதாரணம் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கத்தாரையும் ஆலை முதலாளிகளையும் ஒரு குழு முன்பே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால், பத்து நாளில் வந்த ஞானம் பத்து நாள் முன்னதாகவே வந்திருக்கும்.

கேரளம் மறந்த தன் பெருமை

குழு என்ற ஏற்பாட்டில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. துறைவாரியாக நிலைக்குழுக்களை நாடாளுமன்றம் அமைத்தது 1993-இல். கேரள சட்டசபை 1980-லேயே துறைவாரிக் குழுக்களை அமைத்துவிட்டது. அவையில் அறிமுகமாகும் மசோதா அந்தந்தத் துறைக்கான குழுவுக்குப் போகும்; உறுப்பினர்கள் அதைப் பிரிவு பிரிவாகப் படிப்பார்கள்; திருத்தம் சொல்வார்கள்; உடன்படாதவர்கள் மாறுபட்ட குறிப்பு எழுதுவார்கள்; பிறகு மசோதா அவைக்குத் திரும்பும். கேமரா இல்லாத அந்த அறையில் மேசையைத் தட்டிப் பயனில்லை என்பதால், எதிரெதிர் கட்சிக்காரர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பார்கள்.

குறையும் உண்டு. துறை அமைச்சரே அந்தக் குழுவுக்குத் தலைவர். தான் கொண்டுவந்த மசோதாவைத் தானே தலைமை ஏற்று ஆராய்வது சரியா என்பது நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் அதைக் கேட்டால் சுவையான பதில்கள் வரும். ஆனால் அப்படி ஒரு குழு இருக்கிறது என்பதையே மாதிரிச் சட்டசபை அவருக்குக் காட்டுவதில்லை.

அமெரிக்காவில் 1936-இல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஒய்எம்சிஏ தொடங்கிய மாணவர் சட்டமன்றத் திட்டம் இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. அங்கே மாணவர்களே மசோதா எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது முதலில் மாணவர் குழுவில் பிழைத்தால்தான் அவைக்கு வரும். குழுவில் தோற்றுப்போன மசோதாவோடு வீடு திரும்பும் மாணவரும் எதையோ கற்றுக்கொண்டுதான் திரும்புகிறார். நம் போட்டிகளில் எந்த மசோதாவும் தோற்பதில்லை.

ஒரு பிரிவு என்ன செய்யும்?

குழுவில் என்ன நடக்கும் என்று கல்லாற்றுப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வன உரிமைச் சட்டத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. அகத்தியமலையின் இந்தப் பக்கம் கல்லாறு, மறுபக்கம் திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம். இரண்டு பக்கமும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காட்டில் அவர்களுக்கு உள்ள உரிமையை ஏற்றுக்கொள்ளும் மசோதா 2005 டிசம்பர் 13 அன்று மக்களவையில் அறிமுகமானது. அப்போது அது பழங்குடியினருக்கு மட்டுமானது. 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்தவர்களுக்குத்தான் உரிமை. குடும்பத்துக்கு அதிகபட்சம் 2.5 ஹெக்டேர்.

மசோதா கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக் குழுவுக்குப் போனது. குழு காட்டுவாசிகளின் அமைப்புகளையும் வன உயிர் ஆர்வலர்களையும் கேட்டது. 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டமாகி வெளிவந்தபோது, தகுதிக்கான கெடு நாள் 2005 டிசம்பர் 13 ஆகியிருந்தது. மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழும் பழங்குடியல்லாத மக்களும் உள்ளே வந்திருந்தார்கள். நில வரம்பு 4 ஹெக்டேர் ஆகியிருந்தது. குழு கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் அறிமுகமான மசோதாவும் நிறைவேறிய சட்டமும் வெவ்வேறு. ஒரு தேதி கால் நூற்றாண்டு நகர்ந்ததில் எத்தனை குடும்பங்கள் சட்டத்துக்கு உள்ளே வந்திருக்கும் என்று பிள்ளைகளே ஊகிக்கலாம்.

அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவை இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 பொதுத் தேவைகளுக்கு வன நிலத்தை விடலாம் என்கிறது அது. நிபந்தனைகள் உண்டு: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளில் கேரளத்தார் ஊருக்கூட்டம் என்று சொல்லும் கூட்டம் அது.

கல்லாற்றுக்கு இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. காட்டு மூலிகை மருத்துவத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் காட்டில் வாழ்பவர். 1950-களில் பள்ளிக்குப் போன அபூர்வமான காணிப் பெண்களில் ஒருவர். அவர் வீட்டுக்குப் போகும் வழிக்கு 1952-இல் அனுமதிக்கப்பட்ட சாலை, விருது அறிவிக்கப்பட்ட நாள்வரை வரவில்லை என்பது அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு சாலை ஏன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த விதியில் சிக்குகிறது, 3(2) பிரிவு அதில் எதை மாற்றும், எதை மாற்றாது? இதைத் துருவிப் பார்க்கும் பத்து மாணவர்கள், எந்தக் குடிமையியல் பாடப் புத்தகத்தையும்விட அதிகமாகத் தெரிந்துகொள்வார்கள்.

கல்லாற்று மசோதா

சரி, அவர்களே ஒரு மசோதா எழுதினால்? கண்ணெதிரே ஆறு இருக்கிறது. அதில் வட்டக்கயம் என்னும் இடத்தில் குளிக்க இறங்கிய சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்திருக்கிறார்கள். மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. ‘கல்லாற்றில் குளிப்பதைத் தடை செய்யும் மசோதா’ என்று எந்தப் பள்ளியும் பத்து நிமிடத்தில் எழுதிவிடும். அவையில் உருக்கமான பேச்சுகள் நடக்கும்; கைதட்டலோடு நிறைவேறும்.

அதையே ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். அன்றாடம் ஆற்றில் குளித்துத் துணி துவைக்கும் உள்ளூர்க்காரருக்கும் தடையா? அவருக்கு விலக்கு என்றால், யார் உள்ளூர்க்காரர் என்று யார் முடிவு செய்வது? ஆறு முழுவதற்கும் தடையா, குறிப்பிட்ட கயங்களுக்கு மட்டுமா? அபராதம் விதிப்பது ஊராட்சியா, காவல் துறையா, வனத் துறையா? அபராதப் பணம் எங்கே போகும், உயிர்காக்கும் ஆட்களின் சம்பளத்துக்கா? பயணிகள் வரத்து குறைந்தால் தேநீர்க் கடைக்காரருக்கு என்ன பதில்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். வார்டு உறுப்பினர், வனக் காவலர், ஊர் மூப்பர், கடைக்காரர். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். அந்த நான்கையும் ஒரே பிரிவுக்குள் அடக்கி எழுதுவதுதான் சட்டம் இயற்றும் தொழில்.

தங்கள் கைக்கு எட்டாத அதிகாரத்தையும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். யானையும் காட்டுப்பன்றியும் விளைச்சலை அழிப்பது இந்த மலையோரத்தின் தீராத வழக்கு. மனிதரைத் தாக்கும் விலங்குகள் விஷயத்தில் மாநிலமே முடிவெடுக்க வழிசெய்து, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைக் கேரள சட்டசபை 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. மாநிலம் நிறைவேற்றிவிட்டால் போதுமா? போதாது. 1976-இல் 42-வது அரசியல் சாசனத் திருத்தம் வனவிலங்குகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தோட்டத்துக்குள் வந்த யானைக்கும் டெல்லியில் உள்ள ஒரு பட்டியலுக்கும் என்ன தொடர்பு என்பது, படிப்பவரின் வீட்டு மரவள்ளித் தோட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரே பாடவேளையில் விளங்கிவிடும்.

பதில் சொல்லும் கடமை

‘ஓட்டு இல்லாத பிள்ளைகள் எழுதும் மசோதா எங்கே போய்ச் சேரும்? விளையாட்டுக்கு எதற்கு இத்தனை வேலை?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் திருவனந்தபுரமே பதில் வைத்திருக்கிறது. 1904-இல் திருவிதாங்கூர் மன்னர் ஏற்படுத்திய ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கவில்லை. குறைகளைச் சொல்லலாம், அவ்வளவுதான். 1911-இல் அந்த அவைக்கு நியமிக்கப்பட்டார் அய்யன்காளி. பள்ளியின் வாசலுக்கே விடப்படாத மக்களிலிருந்து வந்தவர். தம் மக்களுக்குப் புதுவல் (தரிசுப் புறம்போக்கு) நிலம் வேண்டும், பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், கல்விக் கட்டணத்தில் சலுகை வேண்டும் என்று இன்ன இடத்தில் இன்னது என்று குறிப்பிட்டுக் கேட்டார். ஆண்டுக்கு ஆண்டு கேட்டார். அதிகாரம் இல்லாத அவைதான். ஆனால் எழுந்த கோரிக்கைக்குத் திவானின் நிர்வாகம் ஏதேனும் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்த அவை கூடிய மண்டபம் 2019 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அதிகாரம் இல்லாத அவையிலும் இரண்டு விஷயங்கள் இருந்தால் வேலை நடக்கும்: குறிப்பான கோரிக்கை, கட்டாயமான பதில். முதலாவதைக் குழுவேலை கற்றுத்தரும். இரண்டாவதை அரசுதான் தர வேண்டும்.

பக்கத்திலேயே குமரி மாவட்டத்தில் பாதிரியார் எட்வின் எம். ஜான் முன்னின்று வளர்த்த அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றங்கள் இதைச் சிறிய அளவில் செய்துகாட்டின. ஏறக்குறைய முப்பது வீடுகளுக்கு ஓர் அவை; ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துறை. அங்கே பெரும்பான்மை எண்ணி முடிவெடுப்பதைவிட, எதிர்ப்புச் சொல்லும் பிள்ளையின் காரணத்தைக் கேட்டு யோசனையைத் திருத்துவதற்கு முதலிடம். தெருவிளக்கு, குப்பை, குடிநீர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டவை சிறிய விஷயங்கள்தான். ஆனால் ஊராட்சித் தலைவரின் மேசைவரை அந்தக் காகிதம் போனது. வெளிநாட்டு ஆவணப்பட இயக்குநர்கள் தேடிவந்து படமெடுக்கும் அளவுக்குப் பேர் வாங்கிய அந்த முயற்சியை நம் கல்வித் துறைகள் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது நமக்குப் பெருமையில்லை.

சலிப்பைப் பற்றி

இன்னொரு மறுப்பும் வரும்: குழுவேலை சலிப்பானது, பதினைந்து வயதுக்கு மேடைதான் பிடிக்கும். சலிப்பு உண்மைதான். ஆனால் இதே வயதுப் பிள்ளைகள் ஒரு கைபேசி விளையாட்டின் விதிகளை வரி வரியாக அலசி, எந்த விதியில் ஓட்டை இருக்கிறது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். விதியைப் படிப்பது அவர்களுக்குச் சலிப்பதில்லை. யாரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் சலிக்கிறது. தங்கள் ஊர் ஆற்றைப் பற்றிய விதியில் ஓட்டை தேடச் சொன்னால் தேடுவார்கள்.

அரசியல் பள்ளிக்குள் நுழைந்துவிடுமே என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. வெளிநடப்பு ஒத்திகையில் நுழையும் அரசியலைவிடப் பிரிவு வாசிப்பில் நுழையும் அரசியல் ஆரோக்கியமானது. மாறுபட்ட குறிப்பு எழுதப் பழகிய பிள்ளைக்கு, எதிராளியின் கருத்தை முழுதாகப் புரிந்துகொள்ளாமல் எதிர்க்க முடியாது என்பது தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. கேரளத்தின் நாடாளுமன்ற விவகார நிறுவனம் தன் போட்டியை ஒரே நாள் நிகழ்ச்சியாக வைக்காமல் ஒரு பருவத்துக்கு நீட்டலாம். தொடக்கத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மசோதாவைத் தரலாம். சட்டசபையில் உண்மையிலேயே நிலுவையில் இருக்கும் மசோதாவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவர் குழுவை அமைத்து, சம்பந்தப்பட்ட மூன்று நான்கு பேரைக் கேட்டு, ஒரு திருத்தமும் ஒரு மாறுபட்ட குறிப்பும் எழுதிக் கொண்டுவரட்டும். பேச்சுக்கு உள்ள மதிப்பெண்ணில் பாதியை அந்தத் தாளுக்கு மாற்றலாம். ஊராட்சிக்கு உட்பட்ட விஷயமாக இருந்தால், ஊராட்சி மன்றம் ஏற்கிறது அல்லது மறுக்கிறது என்று காரணத்தோடு கையெழுத்திட்டுப் பதில் தரட்டும். மறுத்தாலும் பரவாயில்லை. பதினைந்து வயதில் காரணம் எழுதிய ஒரு மறுப்பைக் கையில் வாங்கியவர், இருபத்தைந்து வயதில் காரணமில்லாத மறுப்பை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசைகட்டி நிறைவேறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவற்றை நிறுத்தி நிதானமாகப் படிக்கும் ஒரு தலைமுறை அவசரத் தேவை. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் பெரிதாக வேண்டாம். அடுத்த கல்வியாண்டுக்கான போட்டி அறிவிப்பில், மதிப்பெண் பட்டியலில் ‘திருத்தம்’ என்று ஒரு வரி சேர்க்கும் சுற்றறிக்கை போதும்.